ஐந்து மணிக்கு ராத்திரிச் சாப்பாடு!

“அம்மா, உனக்கு ஒரு வேலை கொண்டு வந்திருக்கேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது!”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்து விட்டாள் என் பெண். 2023-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசி. மெல்போர்னில் அவள் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நம் ஊரில் வெயில் தணியாத மாதம். அங்கேயோ நல்ல குளிர்காலம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக் கொண்டு, ஹீட்டர் பக்கத்திலிருந்து நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

என் பெண் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த இல்லத்தில் மாதம் ஒரு நாள், ஏதாவது ஒரு நாட்டுச் சமையலை வைத்து விருந்து நடத்துவார்களாம். ஜூன் மாதம் இத்தாலி முடிந்தது. ஜூலையில் இந்தியா. ‘கறி நைட்’ என்று பெயர் வைத்து நோட்டீஸும் ஒட்டி விட்டார்கள்.

“அங்கே இருக்கிற சமையல்காரர், பாட்டிலில் வர்ற மசாலாவை ஊத்திக் கோழிக் குழம்பு வச்சிடலாம்னு இருக்கார். நீ ஒரு நாள் வந்து நம்ம சமையல் செஞ்சு காட்டேன்!”

“எத்தனை பேர்டி?”

“நாற்பது பேர் இருப்பாங்க.”

நான் தயங்குவதைப் பார்த்த என் கணவர், “என்ன யோசனை? கல்யாணத்துக்கு முன்னூறு இலை போட்டவளாச்சே நீ!” என்று உசுப்பி விட்டார். எனக்கும் ரோஷம் வந்து விட்டது. சரி என்று தலையாட்டி விட்டேன்.

டாண்டினாங் கடைத் தெரு

மெல்போர்ன் நகரத்திலிருந்து தென்கிழக்கே சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது டாண்டினாங். எத்தனையோ நாட்டு மக்கள் குடியேறிய இடம். ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஃபாஸ்டர் தெரு. ‘லிட்டில் இந்தியா’ என்றே அதற்குப் பெயர். புடவைக் கடை, வளையல் கடை, இனிப்புக் கடை, மளிகைக் கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பெருங்காய வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணே கலங்கி விட்டது, போங்கள்!

ஒரு விஷயம் சொல்லி விடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எதைக் கொண்டு போனாலும், விமானத்தில் கொடுக்கும் அட்டையில் மறைக்காமல் எழுதி விட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை, விதை, பழம் என்று போனால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். மறைத்தால் அபராதமும் உண்டு. அதனால் கறிவேப்பிலையை அங்கேயே சின்னப் பாக்கெட்டில் வாங்கினேன். அதன் விலையைச் சொன்னால் நீங்கள் இனிமேல் குழம்பிலிருந்து கறிவேப்பிலையை ஒதுக்கவே மாட்டீர்கள்!

உளுத்தம் பருப்பு, துவரம் பருப்பு, மிளகு, சீரகம், புளி, தேங்காய், சேமியா என்று பை நிரம்பியது. மெது வடை, தேங்காய் சாதம், சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், பாயசம் என்று மனசுக்குள் பட்டியல் போட்டாயிற்று. ‘வடையைக் கடிச்சா முறுக் முறுக்குன்னு சத்தம் வரணும்’ என்று பெண்ணிடம் பெருமை வேறு அடித்துக் கொண்டேன்.

வடைக்குத் தடை!

விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் இல்லத்தைப் பார்க்கப் போனோம். மாடியில்லாத நீளமான செங்கல் கட்டிடம். முன்னால் ரோஜாச் செடிகள், பின்னால் யூகலிப்டஸ் மரங்கள். வாசல் கதவில் எண்களை அழுத்தினால்தான் திறக்கும். ஞாபக மறதி உள்ளவர்கள் தனியே வெளியே போய் விடக் கூடாது அல்லவா? நடைவழி நெடுக இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டு நடக்கக் கம்பிகள். ஒவ்வொரு அறைக் கதவின் பக்கத்திலும் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. கல்யாணப் போட்டோ, ராணுவப் பதக்கம், பின்னல் ஊசி என்று அவரவர் வாழ்க்கையில் முக்கியமான ஒரு சாமான் உள்ளே. அதைப் பார்த்துத்தான் சிலர் தங்கள் அறையைக் கண்டுபிடிக்கிறார்களாம்.

தொண்ணூறு வயசுக் கிழவரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மா, இங்கே அதுதான் மரியாதை. ‘பாட்டி’ன்னு கூப்பிட்டா சில பேருக்குக் கோபம் வந்துடும்” என்றாள் பெண்.

சமையல்காரர் கிரேக்க வம்சத்துக்காரர். சிரித்த முகம். என் பட்டியலைப் பொறுமையாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து முதலில் மெது வடையை அடித்தார். அடுத்து அப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ரசத்தைச் சுற்றி வட்டம். தேங்காய் சாதத்துக்குத் தாளிக்கும் கடுகு, கடலைப் பருப்பு, முந்திரி மூன்றுக்கும் பெருக்கல் குறி!

எனக்கு முகம் சுருங்கி விட்டது. ‘நம் சாப்பாட்டைப் பிடிக்காதவர்களுக்கு ஏன் விருந்து?’ என்று தமிழில் முணுமுணுத்தேன். பெண்தான் என் கையைப் பிடித்துச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனாள். மத்தியானச் சாப்பாடு நடந்து கொண்டிருந்தது.

ஒருத்தர் தட்டில் சாதாரணச் சாப்பாடு. அடுத்தவர் தட்டில் எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். மூன்றாமவர் தட்டில் கொத்திக் குழைத்தது. நான்காமவர் தட்டில் மசித்த காரட்டை அச்சில் வைத்து, காரட் மாதிரியே வார்த்து வைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் தண்ணீரைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். தண்ணீர் கஞ்சி மாதிரி கெட்டியாக இருந்தது!

“என்னடி இது?”

“விழுங்கறதிலே சிரமம் இருக்கறவங்கம்மா. பக்கவாதம் வந்தவங்க, நடுக்க வாதம் உள்ளவங்க, மறதி நோய் முத்தினவங்க… இவங்க தொண்டை சொன்னபடி கேட்காது. சாப்பாடு இரைப்பைக்குப் போறதுக்குப் பதிலா மூச்சுக்குழாய்க்குப் போயிடும். தண்ணீர்தான் ரொம்ப ஆபத்து. மூடறதுக்குள்ளே வழுக்கிட்டு ஓடிடும். நுரையீரலுக்குப் போச்சுன்னா நிமோனியா.”

இதற்காகச் சர்வதேச அளவில் ஒரு அளவுகோலே இருக்கிறது. 0 முதல் 7 வரை எட்டுப் படிகள். சாதாரணத் தண்ணீர் 0; நாம் சாப்பிடும் சாப்பாடு 7. நாலாம் படி மசியல். ஐந்தாம் படியில் துணுக்குகள் நாலு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்; முள் கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் கணக்கு. ஆறாம் படியில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். முள் கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். கையை எடுத்தால் பழைய உருவத்துக்குத் திரும்பக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2019 மே மாதம் முதல் இந்த முறைதான்.

யாருக்கு எந்தப் படி என்பதை நர்ஸோ சமையல்காரரோ முடிவு செய்வதில்லை. பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பார்.

எனக்கு வடை மறந்து போயிற்று. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து விட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கீன்ஸ் டப்பா

மறுபடியும் சமையலறைக்குப் போனோம். சமையல்காரர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். ‘கீன்ஸ்’ கறிப் பொடி. “இங்கே இருக்கறவங்களுக்குக் கறின்னா இதுதான்” என்றார்.

ஜோசப் கீன் என்பவர் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்குக் குடியேறி, 1860-களில் ஹோபர்ட் பக்கத்தில் தயாரித்து விற்ற பொடி அது. ஹோபர்ட் நகரத்துக்கு மேலே மலைச் சரிவில் வெள்ளைக் கற்களை அடுக்கிப் பிரம்மாண்டமான எழுத்துகளில் அதன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பொடியையும் வெங்காயத்தையும் வதக்கி, மாவு கரைத்து விட்டு, வேக வைத்த சாசேஜைப் போட்டுக் கொதிக்க விட்டால் ‘கறி சாசேஜ்’. சில வீடுகளில் ஆப்பிள், உலர்ந்த திராட்சைகூடச் சேர்ப்பார்களாம்! அந்தக் காலத்து ஆஸ்திரேலிய வீடுகளில் அடிக்கடி செய்தது இது. அவித்த முட்டையில் இதே பொடியைக் கலந்து சாண்ட்விச் செய்வார்கள்.

ஆக, நான் கறியை அவர்களுக்கு அறிமுகப்படுத்தப் போகவில்லை. அவர்களுக்கென்று ஒரு கறி எழுபது எண்பது வருஷமாகவே இருந்திருக்கிறது! பட்டியலை மாற்றினோம். முதலில் அவர்களுடைய கறி சாசேஜ். அது சமையல்காரர் பொறுப்பு. என் பங்குக்குக் குழைந்த பொங்கல், காய்கறிக் குருமா, காரமில்லாத பருப்புக் குழம்பு, மிளகு ரசம், பாயசம். அப்பளம், கடித்துத் தின்ன முடிந்தவர்களுக்கு மட்டும்.

வீட்டில் சமைத்து எடுத்துப் போகலாமா என்றால் அதற்கும் அனுமதி இல்லை. அங்கேயே, அவர்கள் கண் முன்னால் சமைக்க வேண்டும். சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமலும், குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறாமலும் வைத்திருக்க வேண்டும். வயசானவர்களுக்குக் கெட்டுப் போன சாப்பாடு உயிருக்கே ஆபத்து அல்லவா?

இதில் நான் கற்றுக் கொண்டது கொஞ்சமா! சாதத்தை மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஆகித் தொண்டையில் ஒட்டிக் கொள்ளும், அது ஆபத்து. பொங்கலைப் பாசிப் பருப்பு அதிகமாகப் போட்டு, வெந்நீர் விட்டுத் தளர்த்தி, சல்லடையில் தேய்த்து எடுத்தோம். கடுகும் கறிவேப்பிலையும் தொண்டையில் ஒட்டும் என்பதால், தாளித்த எண்ணெயை வடிகட்டி, வாசனையை மட்டும் குருமாவில் விட்டோம். என் பாட்டி இருந்தால், ‘தாளிச்சதை வடிகட்டறாளாம்!’ என்று சிரித்திருப்பார்.

விருந்து நாள்

ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று நினைக்கிறீர்கள்? சாயங்காலம் ஐந்து மணிக்கு! அப்போது நம் ஊரில் டிபன்கூட ஆகியிருக்காது. ஆனால் ஜூலையில் அங்கே ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்து விடுகிறது. இருட்டினால் மறதி உள்ளவர்களில் சிலருக்குப் பதற்றம் வந்து விடுமாம். அதற்குள் சாப்பாட்டை முடித்து விடப் பார்க்கிறார்கள்.

மேஜைகளில் என் பழைய புடவைகள் இரண்டை விரித்தோம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு வைத்தால் பார்வை மங்கினவர்களுக்குத் தெரியாது என்பதால் நீலத் தட்டு. அதில் மஞ்சள் பொங்கல் பளிச்சென்று தெரிந்தது.

ஜிப்ஸ்லாந்துப் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஒரு தாத்தா, கறி சாசேஜை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக் கொண்டார். “எங்கம்மா வியாழக்கிழமை வியாழக்கிழமை செய்வா. மறுநாள்தான் சம்பளம், வியாழக்கிழமை வீட்டில் வேறே ஒண்ணும் இருக்காது” என்றார். அவர் ஆரம்பித்ததும் மேஜைக்கு மேஜை அம்மாக்களின் சமையல்தான் பேச்சு. ஒரு மூதாட்டி பருப்புக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டு விட்டு, ‘மன்னிக்கணும், நன்றாக இல்லை’ என்று கரண்டியைக் கீழே வைத்தார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. உபசாரத்துக்காகப் பொய் சொல்கிற வயசா அது?

பெரம்பூர் அம்மாள்

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள். எண்பத்தெட்டு வயசு. ஆங்கிலோ இந்தியர். பிறந்தது நம் சென்னை பெரம்பூர். தகப்பனார் ரயில் டிரைவர். வெள்ளையர் மட்டுமே வரலாம் என்ற குடியேற்றக் கொள்கையை ஆஸ்திரேலியா 1966-லிருந்து தளர்த்தி, 1973-ல் அடியோடு எடுத்தது. அந்த வருஷங்களில் போனவர்களில் ஒருவர். மறதி நோய். இரண்டு மாதமாகவே சாப்பாடு குறைந்து, வாரா வாரம் எடை இறங்கிக் கொண்டிருந்தது. கரண்டியைக் கொண்டு போனால் உதட்டை இறுக்கிக் கொள்வார். மகனும் மருத்துவரும் அடுத்து என்ன செய்வது என்று பேசிக் கொண்டிருந்த சமயம்.

ரசத்தை அவருக்காக, அவருடைய குறிப்பில் எழுதியிருந்த அளவுக்கு, என் பெண் கெட்டிப் பொடி போட்டுக் கலந்திருந்தாள். பார்க்க ரசம் மாதிரியே இல்லை. ஆனால் வாசனை போகவில்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் கொண்டு போனதும் தலை நிமிர்ந்தது.

“பெப்பர் வாட்டர்” என்றார் மெதுவாக.

நம் மிளகுத் தண்ணீர்தான் ஆங்கிலத்தில் ‘மல்லிகாடானி’ சூப் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலோ அது ரசமாகவே தங்கி, ‘பெப்பர் வாட்டர்’ என்ற பெயரில் சோற்றில் ஊற்றிக் கொள்ளும் பதார்த்தமாக இருக்கிறது.

உதடு திறந்தது. ஒரு கரண்டி. விழுங்கினாரா என்று பார்த்து விட்டு இன்னொரு கரண்டி. அரைக் கிண்ணம் உள்ளே போயிற்று. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “புளி ஜாஸ்தி” என்றார். தமிழில்! அவருக்குத் தமிழ் தெரியும் என்பதே அந்த இல்லத்தில் யாருக்கும் தெரியாது.

அதிசயம் நடந்து விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மறுநாள் காலை வழக்கம் போல உதட்டை மூடிக் கொண்டார். சமையல்காரர் மட்டும் விடவில்லை. அவருடைய சாப்பாட்டுக் குறிப்பில் ‘பெப்பர் வாட்டர், புளி குறைவாக’ என்று எழுதிக் கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் செய்தார். செப்டம்பரில் நாங்கள் புறப்பட்டபோது எடை ஏறியிருந்ததா என்றால், இல்லை. இறங்குவது நின்றிருந்தது. “அதுவே பெரிசும்மா” என்றாள் என் பெண்.

அத்தைக்கு ஊற்றிய ரசம்

நாற்காலியில் உட்கார்ந்து விட்டேன் என்றேனே, அதற்குக் காரணம் என் மாமியார். கடைசி ஒரு வருஷம், பக்கவாதம் வந்த பிறகு, சாப்பிட உட்கார்ந்தாலே இருமுவார். “மெதுவா சாப்பிடுங்க அத்தை, என்ன அவசரம்?” என்று நான் கடிந்து கொள்வேன். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று ரசத்தைத்தான் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பேன். இன்னும் இருமுவார். படுக்கையில் சாய்ந்தபடியே கொடுத்த நாளும் உண்டு. கடைசியில் நிமோனியா என்றுதான் சொன்னார்கள்.

அன்று ராத்திரி பெண்ணிடம் கேட்டேன். “நான் ஊத்தின ரசம்தானாடி?”

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. “தெரியலைம்மா. இப்போ யாராலும் சொல்ல முடியாது. உனக்கு யாரும் சொல்லித் தரலை” என்றாள்.

உண்மைதான், எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், சகோதரிகளே.

வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

* சாப்பிடும்போதோ தண்ணீர் குடிக்கும்போதோ அடிக்கடி இருமல், சாப்பிட்ட பின் குரல் தண்ணீர் கோத்தாற்போலக் கரகரப்பது, கன்னத்தில் சாப்பாடு தங்குவது, அடிக்கடி மார்ச்சளி, எடை குறைவது – இவை இருந்தால் டாக்டரிடம் சொல்லி, விழுங்குவதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நீங்களாகவே தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டாம். அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

* நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

* சின்னக் கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். நீங்களும் எதிரே உட்கார்ந்து கொள்ளுங்கள். நின்று கொண்டு ஊட்டினால் அவர்கள் தலையைத் தூக்க வேண்டியிருக்கும், புரை ஏறும்.

* வயசானால் மோப்பம் மங்கும். பல மருந்துகள் வாயை உலர்த்தி விடும். அதனால்தான் ‘உப்பில்லை, சப்பில்லை’ என்கிறார்கள். உப்பைக் கூட்டாமல் சீரகம், மல்லி, எலுமிச்சை, நெய் வாசனை சேர்த்துப் பாருங்கள். தாளித்த எண்ணெயை வடிகட்டி விடுவது நல்ல உபாயம்.

* மசித்துக் கொடுத்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பிசையாதீர்கள். குழந்தைக்குப் பிசைவது போலத்தானே என்று நினைக்கத் தோன்றும். குழந்தை புது ருசியைக் கற்றுக் கொள்கிறது. பெரியவர்கள் பழைய ருசியைத் தேடுகிறார்கள். பொங்கல் தனி, குருமா தனி.

ஆஸ்திரேலியாவிலும் எல்லாம் சொர்க்கம் என்று எண்ணி விட வேண்டாம். முதியோர் இல்லங்களின் நிலை பற்றிப் புகார்கள் குவிந்து, 2018-ல் ராயல் கமிஷன் வைத்து விசாரித்தார்கள். 2021-ல் வந்த இறுதி அறிக்கையில் சாப்பாட்டுக் குறைகளும் இடம் பெற்றன. அதன் பிறகு 2021 ஜூலையிலிருந்து ஆளுக்குத் தினம் 10 டாலர் கூடுதலாக அரசாங்கம் கொடுக்க ஆரம்பித்தது. 2025 நவம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் தர விதிகளில் உணவுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இந்த விருந்தில் ஒரே ஒருவருக்குத்தான் வருத்தம்: இல்லத்தின் சலவைக்காரப் பெண்மணிக்கு! நாற்பது மார்புத் துணியிலும் மஞ்சள் கறை. ‘அடுத்த மாதம் வெள்ளைச் சாப்பாடு செய்யும் நாடாகப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்றாராம்.

பெரம்பூர் அம்மாளுக்குச் செய்த மிளகுத் தண்ணி

(நாலு பேருக்கு) மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒன்றரை, தனியா ஒன்று – மூன்றையும் வறுத்து நைஸாகப் பொடிக்கவும். புளி, சின்ன நெல்லிக்காய் அளவில் பாதி போதும். அதை நாலு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மஞ்சள் தூள், உப்பு, நசுக்கிய பூண்டு நாலு பல் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடவும். பொடியைச் சேர்த்து நுரை கூடியதும் இறக்கவும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ரசத்தில் கொட்டிப் பத்து நிமிஷம் மூடி வைத்து, பிறகு மெல்லிய துணியில் வடிகட்டவும்.

புளி ஜாஸ்தி ஆகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். எனக்குத் திட்டு விழுந்தது அதற்குத்தான்!